பூ விழுந்த கண்

முள்ளியவளை,
கார்த்திகை மாதம்.

அன்பின் நண்பா,

நலம், உன் நலமறிய ஆவல். உன் கடிதம் கைக்கு வந்து மூன்று கிழமைகளாகின்றன. நீ கேட்டிருந்த கேள்வியை வகுப்பில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்றிருந்ததால் இவ்வளவு தாமதம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காலபோக நெல் பச்சை பிடித்துவிட்டது. பன்றிக் காவலுக்குப் பரணில் இருப்பவர்கள் இரவில் எழுப்பும் கூப்பாடு குளத்துப் பக்கமிருந்து வீடு வரை கேட்கிறது. அம்மாவுக்கு 82 வயது முடிந்துவிட்டது. இடக்கண்ணில் படலம் முற்றிவிட்டதால் தை மாதம் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணைப்பற்றிக் கீழேயும் எழுதுவேன். உன் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று பெயர்களை ஒப்புவிக்கும் பிள்ளைகள், அடியின் கீழே கோடிட்டுப் பெயரெழுதிப் புள்ளி வாங்கியதும் அந்த அடியையே ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். மட்டக்களப்பில் நீ தமிழ் வகுப்பில் காண்பதையே நான் இங்கே ஆங்கில வகுப்பில் காண்கிறேன். அணியைக் கண்டுபிடிப்பது என்றால் ஒளித்து வைத்த பொருளைத் தேடியெடுப்பது என்று அவர்கள் நினைக்கிறார்கள். எடுத்துக் கொடுத்ததும் விளையாட்டு முடிந்துவிடுகிறது. இதை மாற்ற வேண்டும் என்றுதான், சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பதினொரு பிள்ளைகளுடன் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பழைய திகிற்கதையை எடுத்துக்கொண்டு போனேன். எட்கார் அலன் போ எழுதியது. தலைப்பைக் 'கோள் சொல்லும் நெஞ்சு' என்று இப்போதைக்குத் தமிழாக்கி வைத்திருக்கிறேன். 1843 ஜனவரியில், ஜேம்ஸ் ரசல் லோவல் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய 'பயனியர்' என்ற சஞ்சிகையின் முதலாவது இதழில் வந்த கதை. சஞ்சிகை மூன்று இதழ்களோடு நின்றுபோயிற்று.

நீ வாசித்திராவிட்டால் சுருக்கம் இது. ஒருவன் தன்னோடு ஒரே வீட்டில் வாழும் கிழவரைக் கொல்கிறான். பணத்துக்காக அன்று, பகைக்காகவும் அன்று. கிழவரை நேசித்ததாகவே சொல்கிறான். அவனை வதைத்தது கிழவரின் ஒரு கண். வெளிறிய நீல நிறமும் மேலே ஒரு படலமும் கொண்ட கண். ஏழு இரவுகள், நள்ளிரவுதோறும், மூடிய இலாந்தரோடு கிழவரின் அறைக்குள் மெல்லத் தலையை நுழைத்துப் பார்க்கிறான். கண் மூடியிருப்பதால் திரும்பிப் போகிறான். எட்டாம் இரவு கண் திறந்திருக்கிறது. கொன்று, உடலைப் பலகை நிலத்தின் கீழே மறைத்துவிட்டு, விசாரிக்க வந்த மூன்று பொலிஸ்காரரை அதே அறையில் கதிரை போட்டு உட்கார வைத்து, தன் கதிரையை உடல் கிடக்கும் இடத்துக்கு நேர்மேலே போட்டுக்கொள்கிறான். நிலத்தின் கீழிருந்து நெஞ்சு துடிக்கும் ஓசை அவனுக்குக் கேட்கத் தொடங்குகிறது. அது வளர்ந்து வளர்ந்து தாங்க முடியாமற்போக, பலகையைப் பெயர்த்துப் பாருங்கள் என்று தானே கத்திவிடுகிறான். கதை முழுவதும் அவன் வாயாலேயே சொல்லப்படுகிறது. தான் பைத்தியக்காரன் இல்லை என்று நிறுவுவதற்காகவே சொல்கிறான்.

முதற் சனிக்கிழமை வழமைபோலவே போயிற்று. பென்சிலோடு உட்கார்ந்து பதினேழு இடங்களில் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதித் தந்தார்கள். பெரும்பாலும் சரியான பெயர்கள்தாம். ஆனால் கதை அவர்களைத் தொட்ட அடையாளம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோப்பாய் கலாசாலை விடுதியில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து நீ எனக்குச் சொல்லித் தந்த தண்டியலங்காரச் சூத்திரம் நினைவுக்கு வந்தது. "உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின் அஃது உருவகமாகும்." மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தக் காலத்தில் திரியைக் குறைத்துக் குறைத்துப் படித்த பாடம் அது, அன்று பரீட்சைக்காக மட்டுமே அதை மனனம் செய்தேன். 'வேற்றுமை ஒழிவித்து' என்ற இரண்டு சொற்களை இந்தக் கதையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மயிர் கூச்செறிந்தது. கதைசொல்லி செய்யும் கொலைக்கு முந்திய கொலை அதுதான். அவன் வேற்றுமையை ஒழித்துவிடுகிறான்.

கண்ணை அவன் எப்படியெல்லாம் சொல்கிறான் என்று வரிசையாகப் பார். நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த பாடத்தில், தொடக்கத்தில் அது கழுகின் கண்ணை ஒத்திருந்தது என்கிறான். ஒத்திருந்தது என்ற சொல் இருக்கும்வரை கண் வேறு, கழுகு வேறு. அவன் எங்களைப்போல் பேசுகிற மனிதன். சில பந்திகள் கழிந்ததும் 'ஒத்த' போய்விடுகிறது. 'கழுகுக் கண்' என்றே சொல்கிறான். பிறகு, தன்னை அலைக்கழித்தது கிழவர் அல்லர், அவருடைய 'தீய கண்' என்கிறான். ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் பெரிய எழுத்தில், ஓர் ஆளின் பெயரைப்போல் எழுதப்பட்டிருக்கின்றன. எட்டாம் இரவில் அது வெறும் 'சபிக்கப்பட்ட புள்ளி' ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் கிழவரின் முகமோ உடம்போ தனக்குத் தெரியவில்லை என்றும் சொல்கிறான். 'போல' என்ற உருபு உதிர உதிர, மனிதர் மறைந்து கண் மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளைகள் இந்த நான்கு இடங்களிலும் கோடிட்டிருந்தார்கள். ஆனால் நான்கையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கும்படி அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை, கழுகிலிருந்தே தொடங்கினேன். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. போ சொல்வது பிணந்தின்னிக் கழுகு. நம்முடைய தீவில் அது வாழ்வதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது குளத்துக்கு மேலே வட்டமிடும் பருந்தும், கோழிக்குஞ்சைத் தூக்கும் வல்லூறுந்தான். போதாக்குறைக்கு, சீதைக்காகச் சிறகிழந்த சடாயுவைக் கழுகரசன் என்று படித்தவர்கள். கழுகின் கண் என்றதும் அவர்களுக்கு வந்த கருத்து கூர்மை, தூரப் பார்வை! இந்தப் பறவை வேட்டையாடுவதில்லை, சாகும்வரை காத்திருந்து தின்னும் என்று விளக்கியதும், பின்வரிசையிலிருந்த பையன் ஒருவன் கேட்டான்: "அப்ப, சேர், காத்துக்கொண்டு இருந்தது கிழவனோ, இவனோ?" ஏழு இரவுகள் தூங்குகிறவரின் அறை வாசலில் சத்தமில்லாமல் நின்றவன் யார்? உவமையை எதிரே இருப்பவர்மீது எறிந்துவிட்டுத் தானே கழுகாக நிற்பவன் யார்? இத்தனை வருடங்கள் இந்தக் கதையைப் படித்தும் நான் அதைக் கவனித்ததில்லை, நண்பா. அன்று மாலை முழுவதும் அந்தப் பையனின் கேள்வியோடுதான் இருந்தேன்.

அம்மாவின் கண் இங்கேதான் வருகிறது. அவருடைய கண்மணியின்மேல் படர்ந்திருப்பதும் வெளிறிய படலந்தான். கதையில் வரும் கிழவருக்கும் ஏறக்குறைய அத்தகைய ஏதோ ஒரு நோய்தான் இருந்திருக்க வேண்டும். இதற்கு எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். யாரோ ஒரு பழைய தமிழ்ப் பெண் தன் தகப்பனின் கண்ணையோ மாமியாரின் கண்ணையோ பார்த்து முதன்முதலாக அப்படிச் சொல்லியிருப்பாள். அதைக் கேட்டவர்கள் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று கண்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே படலம். ஒருவனுக்கு அது பிணந்தின்னியின் கண், இன்னொருத்திக்கு விழுந்த பூ. உவமை பொருளைப்பற்றிச் சொல்வதைவிட, உவமிக்கிறவரைப்பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, அடுத்த கிழமைக்கு ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் கையை எதற்காவது ஒப்பிட்டு எழுதி வரச் சொன்னேன். கை எப்படி இருக்கிறது என்பதைவிட, எழுதியவர் அந்த முதியவரை எப்படிப் பார்க்கிறார் என்பது பதினொரு தாள்களிலும் தெரிந்தது. மண்வெட்டிப் பிடி என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுடைய தாத்தா முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நெற்காணி செய்தவர்.

'தீய கண்' என்ற இடத்தில் நாங்கள் வேறொரு வாதத்தில் மாட்டிக்கொண்டோம். அது அணியே அன்று என்று பிள்ளைகள் பாதிப் பேர் நின்றார்கள். கண்ணூறு உண்மைதானே என்றார்கள்; வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? சொல்கிறவன் நம்பிச் சொன்னால் அது அணியாகுமா, கேட்கிறவர் நம்பாவிட்டால் அணியாகிவிடுமா என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. வானத்திலும் பூமியிலும் உள்ள எல்லாவற்றையும் கேட்டேன், நரகத்திலும் பலவற்றைக் கேட்டேன் என்று கதைசொல்லி தொடக்கத்தில் சொல்வதை உயர்வு நவிற்சி என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவனுக்கோ அது வெறும் தகவல். சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட"க் கோவலன் நகரை நெருங்குகிறான் அல்லவா? கொடி காற்றில் ஆடுவது இளங்கோவடிகளுக்குத் தெரியும். தம் குறிப்பை ஏற்றுகிறோம் என்பதும் தெரியும். அதனால்தான் 'என்பனபோல்' என்று எழுதினார். போவின் கதைசொல்லியும் கதை முழுவதும் தன் குறிப்பைத்தான் ஏற்றுகிறான். ஏற்றுவது தான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

இனி மணிக்கூட்டுக்கு வருகிறேன். கதையில் எனக்கு மிகவும் பிடித்த உவமை அதுதான். கிழவரின் நெஞ்சுத் துடிப்பை முதலில் கேட்கும்போது, பஞ்சில் பொதிந்த மணிக்கூடு எழுப்பும் ஓசையைப்போல் தாழ்ந்து, மழுங்கி, விரைவாகக் கேட்டது என்கிறான். பின்னர், கிழவர் இறந்து பொலிஸ்காரர் உட்கார்ந்திருக்கும்போது கேட்கும் ஓசையையும் ஏறக்குறைய அதே சொற்களால்தான் சொல்கிறான். உவமை ஒன்றாயிருப்பதால் ஓசையும் ஒன்று என்று வாசகரும் நம்பிவிடுகிறோம். வேறு சாட்சி எதுவும் எங்களிடம் இல்லை. கடைசி வரியில் 'போல' உதிர்ந்து, அவருடைய கொடிய நெஞ்சின் துடிப்பு என்றே ஆகிவிடுகிறது. கண்ணுக்கு நடந்ததுதான் ஓசைக்கும் நடக்கிறது.

எங்கள் பிள்ளைகள் மணிக்கூடு துடிக்கும் ஓசையைக் கேட்டவர்கள் அல்லர். எல்லாரும் நேரம் பார்ப்பது தொலைபேசியில். ஆகவே அப்பாவின் சாவி கொடுக்கும் பழைய கைமணிக்கூட்டை எடுத்துக்கொண்டு போனேன். முள்ளிவாய்க்கால் வரை அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்து வந்த மணிக்கூடு அது. பஞ்சில் சுற்றி ஒரு துணியில் பொதிந்து ஒவ்வொரு காதாகக் கொடுத்தேன். வாசிகசாலையில் அதுவரை அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. கூரைத் தகரத்திலிருந்து வடியும் தண்ணீர் மட்டுந்தான் கேட்டது. கடைசியாக வாங்கிய பிள்ளை நெடுநேரம் காதிலேயே வைத்திருந்துவிட்டு, "சேர், மணிக்கூடு நிண்டு போச்சு, ஆனா சத்தம் கேக்குது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். சாவி முடிந்து மணிக்கூடு உண்மையாகவே நின்றிருந்தது. காதைத் துணியால் அழுத்தி மூடும்போது உள்ளே ஓடும் இரத்தத்தின் துடிப்பைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கதைத் தாளைப் புரட்டத் தொடங்கினார்கள். நிலத்தின் கீழே துடித்தது எவருடைய நெஞ்சு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் ஒரு பையன் எழுந்து "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்ற குறளைச் சொன்னான். பொருத்தம் பார்த்தாயா என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் மனச்சாட்சி என்று எழுதிக் கதையை மூடிவிட நான் விடவில்லை. கதைசொல்லி ஓர் இடத்திலும் வருந்தவில்லை. ஐயோ, கொன்றுவிட்டேனே என்ற ஒரு சொல் இல்லை. பொலிஸ்காரர் ஓசையைக் கேட்டும் கேளாததுபோல் இருந்து தன்னை எள்ளுகிறார்கள் என்ற எண்ணந்தான் அவனால் தாங்க முடியாதது. வள்ளுவர் சொல்லும் நெஞ்சு அறிந்து சுடுகிறது. இங்கே துடிக்கும் நெஞ்சு எதை அறிந்தது என்று போ சொல்லவேயில்லை. நீ இதில் என்னோடு உடன்படமாட்டாய் என்று தெரியும். எழுது.

மற்ற இடங்களை விரைவாகவே கடந்தோம். இலாந்தரின் சிறு இடுக்கிலிருந்து சிலந்தி நூல்போல் ஒரு கதிர் கண்ணில் விழுவதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. இருட்டுக்குள் விலங்கின் கண்ணில் வெளிச்சம் பிடித்துச் சுடும் வேட்டையைப்பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். சாவு தன் கரிய நிழலை முன்னே விட்டுக் கிழவரை நெருங்கியது என்பதில், எமன் ஆள்தானே, இதில் என்ன அணி இருக்கிறது என்று கேட்டார்கள். கண்ணூற்று வாதம் இன்னொரு முறை நடந்தது. போர்வீரனுக்கு முரசு வீரம் ஊட்டுவதுபோல் நெஞ்சின் ஓசை தன் வெறியைக் கூட்டிற்று என்ற இடத்தில் அவர்களுக்குக் கேட்டது சாவீட்டுப் பறை. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் நான் பாடத்தை நிறுத்திக்கொண்டேன். பலகையால் நிலம் போட்ட வீட்டை அவர்கள் கண்டதில்லை. எங்கள் வீடுகளில் சீமெந்து அல்லது சாணம் மெழுகிய மண். ஆகவே மண்ணுக்குக் கீழே என்று சொல்லி விளக்கினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்ததை அந்தப் பதினொரு பேரும் அறிவார்கள். அவர்களிற் சிலர் 2009 இல் கைக்குழந்தைகளாக மனிக் பாம் முகாமுக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள். தேடப்படும் ஒருவர் இல்லாத குடும்பம் அவர்களில் குறைவு. மண்ணுக்குக் கீழே நெஞ்சு துடிக்கிறது என்பது எந்த அணி என்று அன்று நான் கேட்கவில்லை. அவர்களும் அந்த அடியின் கீழ்க் கோடிடவில்லை.

கிழவர் இருட்டில் எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையாமல் காது கொடுத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. அவர் முனகுகிறார். அந்த முனகல் தனக்கும் தெரியும், உலகமெல்லாம் தூங்கிய பல நள்ளிரவுகளில் தன் நெஞ்சிலிருந்தும் அது எழுந்திருக்கிறது என்கிறான் கதைசொல்லி. கதையில் அவன் கிழவரை மனிதராகப் பார்ப்பது அந்த ஓர் இடத்தில்தான். அந்த இடத்தில் கழுகு இல்லை, தீய கண்ணும் இல்லை. படிக்கும்போது எனக்குக் குறுந்தொகைத் தலைவிதான் நினைவுக்கு வந்தாள்: "நனந்தலை உலகமும் துஞ்சும் ஓர்யான் மன்ற துஞ்சா தேனே." உலகம் தூங்கத் தான் மட்டும் விழித்திருக்கும் அதே நள்ளிரவு, அவளுக்குப் பிரிவு, இவனுக்குப் பயம். இதைப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ வந்து சொன்னால் நன்றாயிருக்கும்.

சென்ற ஞாயிறு இரவு மழையில் மின்சாரம் போய்விட்டது. அம்மாவுக்கு நித்திரை வரவில்லை. விளக்கை வைத்துக்கொண்டு, நான் செய்துகொண்டிருக்கும் தமிழாக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைப்பற்றிய இடத்தை விட்டுவிடலாமா என்று தயங்கினேன், விடவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஒரே வீட்டில இருந்தவன்தானே, அந்த மனுசனை ஒரு கண்ணாசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்றார்.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். கதைசொல்லி இரவுக்கிரவு சுவருக்குள் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வது மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டின் ஓசையை. அந்த வண்டு தன் துணையை அழைக்கத் தலையால் மரத்தில் தட்டுமாம். சாகக் கிடப்பவரின் அருகே விழித்திருப்போர் காதில் அந்த ஓசை விழுவதால், சாவுக்கு அறிகுறி என்று கொண்டு 'டெத் வோச்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். வோச் என்றால் மணிக்கூடு, காவலிருப்பதும் வோச். பஞ்சில் பொதிந்த மணிக்கூடும், சுவருக்குள் தட்டும் வண்டும், கதவருகே நிற்கும் கொலைகாரனும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். சாக்குருவி என்று போட்டுப் பார்த்தேன். சாவு வருகிறது, காவல் போய்விடுகிறது. சாக்காவல் வண்டு என்றால் காதுக்கு உறுத்துகிறது. பரணிலிருந்து வரும் கூப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் 'காவல்' என்ற சொல்லிலேயே ஏதோ வழி இருக்கிறது என்று தோன்றுகிறது, கைக்கு எட்டவில்லை. உனக்கு ஏதும் சொல் தோன்றினால் தை பிறக்கும் முன் எழுதி அனுப்பு. சத்திரசிகிச்சைக்காக அம்மாவோடு சில நாட்கள் வெளியே தங்க நேரும், அங்கே தமிழாக்கத்தை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்.